எவ்விடம் என்று கேட்பவர்

நல்ல மனிதர்களைப் பற்றி எழுத கனடாவின் ஸ்காபரோவில் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நினைவு மலருக்கு நினைவு மலர் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் எழுதப்போகிறவர் நல்லவர் இல்லை. வாயைத் திறந்தால் எதிரில் நிற்பவருக்கு எங்காவது வலிக்கும். பெயர் போடமாட்டேன். லாப்பில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் அவரை ‘எவ்விடம்’ என்றுதான் சொல்வோம், அதுவே போதும்.

லாப் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். வெக்ஸ்போர்ட் பக்கம், தளபாடக் கடை ஒன்றின் பின்புறத்தில் வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகள். வேலை, நுளம்பு எண்ணுவது. கோடை முழுக்கப் பூங்கா, வாய்க்கால், புது வீட்டுத் திட்டங்களின் மழைநீர்க் குளம் என்று பொறி வைப்போம். ஒரு சின்ன விளக்கு, ஒரு விசிறி, ஒரு வலைப்பை, மேலே ஒரு வாளி ட்ரை ஐஸ். அதன் புகையை ஆள் விடும் மூச்சு என்று நம்பி நுளம்பு வரும், விசிறி இழுத்துப் பைக்குள் போடும். மாலையில் பொறி வைப்பதும் காலையில் பையை எடுத்து வருவதும் என் வேலை. அவற்றைக் குளிர்த்தட்டில் பரப்பி, மைக்ரஸ்கோப்பில் பார்த்து இனம் பிரிப்பது அவர் வேலை. பிரித்ததை வேறோர் இடத்துக்கு அனுப்பினால் வெஸ்ட் நைல் வைரஸ் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள்.

முதல் நாள் குளிர்ப்பெட்டியுடன் உள்ளே போய், “குட் மோர்னிங் அக்கா” என்றேன். அவர் மைக்ரஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எவ்விடம்?”

“பார்க்கில வைச்சது.”

“பார்க் எண்டா? ஊஞ்சலடியோ, வாய்க்காலடியோ?”

“வாய்க்காலடி.”

“வாய்க்காலுக்கு இந்தப் பக்கமோ, அந்தப் பக்கமோ?”

எனக்கு நினைவில்லை. அவர் பையை வாங்கிக் கட்டை அவிழ்க்காமலே குப்பைக்குள் போட்டார். “இடம் தெரியாத நுளம்பு எனக்கு வேண்டாம்” என்றார். அதன் பிறகுதான் “குட் மோர்னிங்” என்றார்.

அவர் அப்போது அறுபதைத் தாண்டியிருந்தார். ஆசிரியர் ஒருவரின் மனைவியாகத் தென்னாபிரிக்காவுக்குப் போய், அங்கே ஒரு கால்நடை ஆய்வுகூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் நுளம்பு பிரித்தவர். கணவர் அங்கேயே இறந்துவிட்டார். ஒருமுறை மனேஜர் பரிதாபப்பட்டு எப்படி இறந்தார் என்று கேட்டார். “எப்படி எண்டது அவரின்ரை விசயம். எவ்விடம் எண்டா சொல்லுறன். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில” என்றார். மனேஜருக்கு அதற்குப் பிறகு அவரிடம் எதையும் கேட்கும் துணிச்சல் வரவில்லை.

சுவரில் அவருடைய தென்னாபிரிக்க வரைபடம் ஒன்று தொங்கியது. மடிப்பெல்லாம் கிழிந்து, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரரால் ஒட்டியது. யாராவது ‘ஆபிரிக்கக் காய்ச்சல்’ என்று சொல்லிவிட்டால் போதும், அவரைக் கையோடு அதற்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்.

“ஆபிரிக்கா எண்டு ஒரு இடம் இல்லை. இஞ்ச பாரும், இது கரை. டெங்குவைக் காவிற நுளம்பு இந்த ரவுணில பூச்சாடி, டயர், தகரப்பேணிக்குள்ள இருக்கு. இது வடகிழக்கு, வெக்கைக் காடு. சிக்குன்குன்யாவைக் காவிறது இஞ்ச மரப்பொந்துத் தண்ணியில இருக்கும். மேல குரங்கு, கீழ நுளம்பு. இது நடு மேடு. இரவில குளிரும், வெறும் புல்லு. இஞ்ச முட்டைதான். பள்ளத்து மண்ணுக்குள்ள வருசக்கணக்காக் காஞ்சு கிடக்கும், முட்டைக்குள்ளயே வைரஸும் கிடக்கும். ஒரு பெருமழைக்குப் பள்ளம் நிரம்பினா எல்லாம் பொரிச்சுக்கொண்டு வரும். வந்து ஆட்டையும் மாட்டையும் கடிக்கும். ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல்.”

இதைச் சொல்லும்போது மட்டும் அவருடைய குரல் இளகும். அந்தப் பள்ளங்களை அவருக்கு ஒவ்வொன்றாகத் தெரியும். மனிதர்களிடம் ஒருநாளும் அந்தக் குரலில் பேசியதில்லை.

குளிர்காலத்தில் நுளம்பும் இல்லை, வேலையும் இல்லை. அந்த மாதங்களில் நூலகத்தில் உட்கார்ந்து, தமிழ்க் கடைகளில் இலவசமாகக் கிடக்கும் பத்திரிகைகளுக்குத் திருத்தம் எழுதுவார். ஒரு மரண அறிவித்தலில் ‘ஊரில் காலமானார்’ என்று போட்டிருந்தார்களாம். எந்த ஊர் என்று கேட்டு அந்தக் குடும்பத்துக்கே தொலைபேசி எடுத்திருக்கிறார். அவர்கள் அழுதுகொண்டே சொல்ல, இவர் எழுத்துக்கூட்டச் சொல்லியிருக்கிறார்.

மார்க்கம் நகரத்தில் எங்கள் லாப் ஆள் ஒருவர் வீடு வாங்கிக் குடிபுகுந்தபோது அவரையும் கூப்பிட்டிருந்தார். பாவம், மரியாதைக்காகக் கூப்பிட்டது. இவர் பரிசுப் பொருளை வாசலில் வைத்துவிட்டு நேரே பின்வளவுக்குப் போனார். அங்கே கத்தரிக்கன்றுக்கு ஊற்றவென்று கூரைப் பீலியில் வழியும் மழைத் தண்ணீரைப் பெரிய பிளாஸ்ரிக் பீப்பாயில் பிடித்து வைத்திருந்தார்கள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, கேக்கை ஒரு பக்கம் தள்ளிவிட்டு மேசை நடுவில் ஒரு வெள்ளைக் கோப்பையை வைத்தார். உள்ளே நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன.

“இது உங்கடை பின்வளவு. எண்ணிப் பாத்தனான், ஒரு அகப்பையில அறுபத்திரண்டு. பீப்பாயைக் கவிட்டுப்போட்டன்” என்றார். வீட்டுக்காரி குசினிக்குள் போய் அழுதார். அவர் கேக்கில் ஒரு துண்டு வெட்டிச் சாப்பிட்டார். பசித்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. என்னைப் போலவே பை எடுத்து வர ஒரு பெண் சேர்ந்திருந்தார், நாட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு மழை நாளில் இடம் எழுதி இரண்டு பையிலும் கட்டியிருந்த துண்டுகள் நனைந்து எழுத்து அழிந்துவிட்டன. அவர் குத்துமதிப்பாக இரண்டு இடத்தை எழுதிக் கொடுத்துவிட்டார். ‘எவ்விடம்’ எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியாது. அந்தப் பெண்ணை மனேஜர் முன்னால் நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்.

“அக்கா, மன்னியுங்கோ. பிள்ளைக்கு மூண்டு நாளாக் காய்ச்சல். நித்திரை இல்லை, அதுதான் தடுமாறிட்டன்.”

“பிள்ளை இப்ப எவ்விடம்?”

“வீட்டில, பக்கத்து வீட்டு ஆளோட.”

“அப்ப நீரும் வீட்டிலேயே நிக்கலாம்.”

மத்தியானத்துக்குள் அந்தப் பெண் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. வாயைத் திறந்தேனா என்றால், இல்லை. வாகனத்துக்குள் இருந்து என் சோற்றைச் சாப்பிட்டேன். பிறகு ‘எவ்விடம்’ தனியாக இருக்கும்போது, அந்தப் பெண்ணை வேலையை விட்டே அனுப்ப வேண்டுமா என்று கேட்டதற்கு, “நீங்கள் எல்லாரும் பொய் சொல்லுங்கோ, களவெடுங்கோ, எனக்கென்ன. இடத்தை மட்டும் பிழையாச் சொல்லாதேங்கோ. பிழையான இடத்தில மருந்து அடிச்சா, சரியான இடத்தில ஆள் சாகும்” என்றார். அவர் சொன்னது சரி என்பதால் அவரை இன்னும் அதிகமாக வெறுத்தேன்.

நான் ஒரு பொய்யோடு அந்த லாப்புக்கு வந்தவன். அது அவருக்குத் தெரிய எடுத்தது மூன்று கோடைகள்தான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அண்ணனும் நானும் தென்னாபிரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு சின்ன நகரத்தில் கடையொன்றில் வேலை செய்தோம். அண்ணி மகளுடன் முதலில் கனடா வந்துவிட்டார். எங்களுக்கு அழைப்பு வரவேண்டும், காத்திருந்தோம். எங்களிடம் ஒரே ஒரு நல்ல நுளம்பு வலை இருந்தது. மூன்று வயதுப் பிள்ளை அதற்குள்தான் படுப்பாள். கனடாவிலும் நுளம்பு இருக்குமே என்று அண்ணி அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு விமானம் ஏறினார். ஏழு மாதத்தில் அண்ணன் செத்துப்போனார். ஆஸ்பத்திரி தந்த கடதாசியில், நுளம்புகளால் பரவும் வைரஸ் காய்ச்சல் என்று எழுதி அதன் பெயரும் இருந்தது. நான் அண்ணிக்குத் தொலைபேசியில் சொன்னது ஒரே ஒரு வசனம். “நுளம்பு கடிச்சது அண்ணி.”

அன்றிலிருந்து அண்ணி வலையின் கதையைச் சொல்கிறார். ஒவ்வொரு நினைவுப் பூசைக்கும், வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வார். “வலையை நான் கொண்டு வந்திட்டன். அது அங்க இருந்திருந்தா அவர் இருந்திருப்பார்.” நான் அந்த வீட்டு பேஸ்மென்றில்தான் இருக்கிறேன். அண்ணி சமைத்ததைத்தான் சாப்பிடுகிறேன். என் பெறாமகள் சித்தப்பா, சித்தப்பா என்று என்னோடுதான் வளர்ந்தாள். எனக்கு வேறு வீடு இல்லை.

அண்ணி எனக்குச் சாப்பாடு கட்டும்போது, தனியாக இருக்கிற மனுசி என்று ‘எவ்விடம்’ அக்காவுக்கும் ஒரு பெட்டி கட்டித் தருவார். அப்படி ஒரு ஓகஸ்ட் மாதம், அண்ணியின் புட்டை இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. அண்ணனின் கதையை, அண்ணியின் வலையையும் சேர்த்துச் சொன்னேன். அதைச் சொன்னால் ரொறன்ரோவில் எவரும் என் தோளைத் தட்டுவார்கள், மேலே கேட்கமாட்டார்கள். அவர் கையைத் துடைத்தார்.

“எவ்விடம்?”

சொன்னேன். எழுந்துபோய் வரைபடத்தில் விரலை வைத்தார். நடு மேடு.

“எந்த மாசம்?”

“மார்ச்.”

“அந்த வருசம் பெருமழை பெஞ்சது, என்ன? பள்ளமெல்லாம் நிரம்பியிருக்கும். காய்ச்சல் வர முதல் ஆடு ஏதும் வெட்டினீங்களோ?”

“வெட்டினனாங்கள், அஞ்சு பேருக்குப் பங்கு. அண்ணன்தான் வெட்டினவர்” என்றேன். அந்த நகரத்தில் நாங்கள் ஐந்து தமிழர்கள். யாழ்ப்பாணத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து வீட்டுக்காரர் சேர்ந்து ஒரு ஆட்டை வாங்கி வெட்டிப் பங்கு போடுவார்கள். போன இடத்திலும் நாங்கள் அதை விடவில்லை. கடை இறைச்சி எங்களுக்கு இறைச்சியாகத் தெரிவதில்லை. ஆட்டைத் தேடிப் பிடித்தது நான். பண்ணை வேலியோரத்தில் பிறக்க முதலே செத்த குட்டிகளைக் குவித்துப் போட்டிருந்தார்கள். பதினைந்து, இருபது இருக்கும். பண்ணைக்காரன் அரைவிலைக்குக் கொண்டுபோ என்றான். ஆடு நின்ற நிலையே சரியில்லை. நான் அதை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு வந்தேன், குட்டிகளைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை. எங்களில் வெட்டத் தெரிந்தவர் அண்ணன் ஒருவர்தான். கையில் தகரம் கிழித்த காயம் இருந்தது, துணியைச் சுற்றிக்கொண்டு வெட்டினார்.

“அஞ்சு பேர் சாப்பிட்டீங்கள். காய்ச்சிச் சாப்பிட்டதால ஒண்டும் நடக்கேல்லை. ரத்தத்துக்குள்ள கை வைச்சவர் ஒருத்தர், செத்ததும் ஒருத்தர்” என்றார் அவர். “நுளம்பு ஆட்டைக் கடிச்சது. ஆட்டு ரத்தம் ஆளைச் சாகடிச்சது. ஆட்டை ஆர் வாங்கினது?”

நான் புட்டைப் பிசைந்தேன்.

“இந்தக் காய்ச்சல் வந்த பட்டியில குட்டி தங்காது. குட்டியள் செத்துக் கிடந்ததைக் கண்டனீர்.”

“இல்லை அக்கா.”

“கண்டனீர். உம்மடை அண்ணிக்குச் சொன்னனீரோ?”

“சொல்லி என்ன செய்ய? செத்தவர் வரப்போறாரோ?”

“உம்மடை அண்ணி அந்தச் சாவை வலையில கொண்டுபோய் வைச்சிருக்கிறா. அது பிழையான இடம்.” பெட்டியை மூடி என் பக்கம் தள்ளினார். “வாற மார்ச் நினைவுப் பூசைக்கெண்டாலும் வரச் சொல்லி, பெட்டிக்குள்ள எழுதி அனுப்பியிருக்கிறா. நான் வருவன். அதுக்கு முன்னம் நீர் சொல்லும். நீர் சொல்லாட்டி நான் சொல்லுவன்.”

அவர் என்னைத் திட்டவில்லை, கொலைகாரன் என்று சொல்லவுமில்லை. அவருக்கு நான் ஒரு பிழையான துண்டு மட்டும்தான். திட்டியிருந்தால் அழுது காலில் விழுந்திருப்பேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

செப்ரெம்பரில், பருவம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, அவர் தேநீர்க் கோப்பையைக் கழுவப் போன நேரம் பார்த்து, அவர் பிரித்து வைத்த இரண்டு குப்பிகளின் துண்டுகளை மாற்றி ஒட்டினேன். ஒன்று ஸ்காபரோ வாய்க்கால், மற்றது விட்பியில் ஒரு புதுத் திட்டத்துக் குளம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு மனேஜரிடம், பொறி வைத்த இடமும் கணக்கும் எழுதும் என் கொப்பியைக் கொண்டுபோய், மிகவும் வருத்தப்படுகிறவன் போலக் காட்டினேன். விட்பிப் பையில் நாலைந்து நுளம்புதான் என்று அதில் அன்றன்றே எழுதியிருந்தேன். வாய்க்கால் பை நிறைய இருந்தது. துண்டைப் பார்த்து அவர் எழுதிய அறிக்கையில் இரண்டும் மாறிக் கிடந்தன. மனேஜருக்கு இதைவிட வேறென்ன வேண்டும். வயதாகிவிட்டது, கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள் என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்.

வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் வாகனத் தரிப்பிடத்துக்கு வந்தார். என்னைக் கண்டதும் நின்றார். யார் செய்தது என்று அவருக்குத் தெரியும். ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை.

“அந்த ரெண்டில ஒரு குப்பியில வைரஸ் இருக்கெண்டு வந்திருக்காம். துண்டு ஒண்டு சொல்லுது, உம்மடை கொப்பி வேறொண்டு சொல்லுது. எவ்விடத்துப் பை அது? வாய்க்காலோ, விட்பியோ? அதை மட்டும் சொல்லும், அவங்கள் இன்னும் மருந்து அடிக்கேல்லை.”

“எனக்கு எப்பிடி அக்கா தெரியும்?” என்றேன்.

வாய்க்கால்தான். எனக்கு நன்றாகத் தெரியும். விட்பியில் மருந்து அடித்தார்களா, வாய்க்காலில் அடித்தார்களா என்று நான் பிறகு விசாரிக்கவில்லை.

அந்தக் குளிர்காலம் எனக்கு ஒரே வேலைதான். அவருக்கு மறதி தொடங்கிவிட்டது, இடங்கள் எல்லாம் தடுமாறுகின்றன, சந்திக்கிறவர்களிடம் இல்லாத கதையெல்லாம் சொல்கிறார் என்று போகிற இடமெல்லாம் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள், அவரிடம் அடிவாங்காத ஆள் கிடையாதே. அண்ணியிடமும் சொன்னேன். அண்ணி கண் கலங்கினார். “அந்த மனுசிக்கு இடம்தானே எல்லாம். கடவுள் அதிலயே கை வைச்சிட்டார்” என்றார்.

மார்ச் மாதம் அவர் வந்தார். பூசை முடிந்து ஆட்கள் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பேருந்து மாறி மாறி வந்ததில் நேரம் போய்விட்டதாம். சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரமாக வைத்துவிட்டு மேசையில் உட்கார்ந்தார். என் பக்கம் ஒருமுறை பார்த்தார். நான் சொல்லவில்லை என்று விளங்கிக்கொண்டார். அண்ணி அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே வலையின் கதையைத் தொடங்கினார். அவர் பாதியில் நிறுத்தினார்.

“பிள்ளை, வலை இருந்திருந்தாலும் அவர் செத்திருப்பார். நுளம்பு கடிச்சுச் சாகேல்லை. நோய் வந்த ஆட்டை வெட்டினவர், ரத்தத்தால வந்தது. ஆட்டை வாங்கிக்கொண்டு வந்தது இவர். குட்டியள் செத்துக் கிடந்ததைக் கண்டுகொண்டுதான் வாங்கினவர். நீர் வலையை விடும்.”

அண்ணி கரண்டியுடன் அப்படியே நின்று என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடித் திறந்து, தலையை மெல்ல ஆட்டினேன். புத்தி தடுமாறிய நோயாளியின் கட்டிலடியில் நின்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வோமே, அப்படித்தான். அண்ணியின் முகம் இளகியது.

“ஓம் அக்கா, ஓம். நீங்கள் சாப்பிடுங்கோ” என்றார்.

“நான் சொன்னது விளங்கினதோ?”

“விளங்குது அக்கா.”

அவர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். மழை, பள்ளம், முட்டை, நுளம்பு, ஆடு, கை. ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அண்ணி ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்றார். சோறு ஆறிப்போக, ஈரத் துணியால் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டார். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அண்ணி இரண்டு பெட்டியில் கறியும் சோறும் கட்டிப் பைக்குள் வைத்துக் கொடுத்தார். பிறகு வாசலில் குனிந்து, அவருடைய சப்பாத்தைத் தானே போட்டுவிட்டபடி கேட்டார்.

“அக்கா, வீட்டுக்கு வழி தெரியுமோ?”

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அவரை நான் அப்படி அதற்கு முன் கண்டதில்லை. அண்ணி என்னைக் கொண்டுபோய் விடச் சொன்னார். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, பனிக்குள் இறங்கிப் பேருந்து நிறுத்தத்தை நோக்கிச் சரியாகத்தான் போனார். பிறகு நான் அவரைச் சந்திக்கவில்லை. இப்போது எங்கே இருக்கிறார் என்றும் தெரியாது.

அண்ணி கதவைச் சாத்திவிட்டு வந்து அவருடைய கோப்பையைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

“தம்பி, அங்க ஆடு ஏதும் வெட்டினனீங்களோ?”

“இல்லை அண்ணி.”

“கேட்டு வைச்சன். ஒரு நிமிசம் எனக்கு மனம் லேசாப் போச்சு, அதுதான்.” கோப்பையைத் துடைத்து அடுக்கினார். “அப்ப, வலை இருந்திருந்தா அவர் இருந்திருப்பார்.”

“ஓம் அண்ணி,” என்றேன். “இருந்திருப்பார்.”